போர்வெல் தண்ணீரில் மலாவி ஏரி மீன்கள்: ஆப்பிரிக்கன் சிக்லிட் வளர்க்க முழுமையான வழிகாட்டி

மீன் கடையில் கோல்டு ஃபிஷ், மோலி, ஏஞ்சல் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருபவர்கள் ஒரு தொட்டி முன்னால் மட்டும் நின்றுவிடுவார்கள். அடர் நீலமும் பளிச்சென்ற மஞ்சளுமாக, ஒரு நொடி சும்மா இல்லாமல் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கும் மீன்கள். “இது கடல் மீனாண்ணே?” “இல்ல சார், நல்ல தண்ணி மீன்தான். ஆப்ரிக்கன் சிக்லிட்.”

நிறத்துக்கு மயங்கி நாலைந்து வாங்கிப் போய், சில மாதத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சி நிற்கும் வீடுகள் நிறைய. அதனாலேயே ‘ரொம்பக் கஷ்டமான மீன்’ என்று பெயர் வாங்கிவிட்டது. அது பாதிதான் சரி. மென்மையான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் பார்த்தாலே பயப்படும், வாளியில் வெள்ளை படியவைக்கும் போர்வெல் தண்ணீர் இந்த மீன்களுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். கஷ்டம் அதன் குணத்தில் இருக்கிறது. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் தொட்டி அளவு, கல், எண்ணிக்கை, தீனி எல்லாவற்றுக்கும் காரணம் தானாகவே தெரிந்துவிடும்.

முதலில், எந்த ஏரி மீன்?

கடையில் ‘ஆப்ரிக்கன் சிக்லிட்’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று பெரிய ஏரிகளின் மீன்கள் அடங்கிவிடுகின்றன: மலாவி, டங்கனிகா, விக்டோரியா. டங்கனிகாவிலிருந்து வரும் ஃபிரான்டோசாவும் காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் குட்டிச் சிக்லிட்டும் தனி உலகம். விக்டோரியா மீன்கள் நம் கடைகளில் அரிது. 1950களில் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட நைல் பெர்ச் அந்த ஏரியின் சிக்லிட்களில் ஏராளமான வகைகளைத் தின்றே தீர்த்துவிட்டது. கடையில் நீங்கள் பார்த்து நின்றது பெரும்பாலும் மலாவி மீனாகத்தான் இருக்கும்.

மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்று நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏரி 550 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ 700 மீட்டர் ஆழம். மேல்மட்டத் தண்ணீர் ஆண்டு முழுக்க 24 முதல் 29 டிகிரிக்குள் இருக்கும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.7க்கும் 8.6க்கும் இடையில். தென்கோடியில் இருக்கும் மலாவி ஏரி தேசியப் பூங்கா 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதுவும் முக்கியமாக இந்தச் சிக்லிட்களுக்காகவே.

கரையோரம் பாறைகள் குவிந்து கிடக்கும் இடங்களில் வாழ்பவை எம்பூனா வகை. பாறை மேல் படியும் பாசியையும் அதற்குள் இருக்கும் பொடி உயிர்களையும் நாள் முழுக்கச் சுரண்டித் தின்பதுதான் இவற்றின் பிழைப்பு. நல்ல பாறை கிடைத்த ஆண் அதை விட்டுக்கொடுக்காது. பாறைதான் அதன் சோறு, அதன் வீடு, பெண்ணை அழைக்கும் இடம். விரட்டுப்பட்ட மீன் ஏரியில் பத்தடி தள்ளிப் போய்விடலாம், சண்டை முடிந்தது. நம் தொட்டியில் நான்கு அடியிலேயே கண்ணாடி வந்துவிடுகிறது. எம்பூனா வளர்ப்பின் சிக்கல் மொத்தமும் இதுதான்.

மலாவியிலேயே இன்னொரு கூட்டம் உண்டு: பீகாக், வெனஸ்டஸ், எலெக்ட்ரிக் ப்ளூ போன்றவை. மணல் வெளியிலும் திறந்த நீரிலும் வாழ்பவை, புழு பூச்சியும் சிறு மீனும் தின்பவை. எம்பூனாவின் முரட்டுத்தனத்தில் பீகாக் நிறம் மங்கி ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். தீனியும் வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். இந்த வழிகாட்டி எம்பூனாவுக்கானது.

தொட்டி: உயரத்தைவிட நீளம் முக்கியம்

குறைந்தபட்சம் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இது சுமார் 250 லிட்டர். 2 அடித் தொட்டியில் ‘இரண்டு ஜோடி மட்டும்’ என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். இந்த மீன் ஜோடி சேர்ந்து வாழ்வதே இல்லை. ஒரு ஆணுக்குக் குறைந்தது மூன்று பெண் வேண்டும், இல்லையென்றால் இருக்கும் ஒரே பெண்ணைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும்.

தண்ணீர் மட்டுமே கால் டன். கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டும். மாடி வீட்டில் ஹால் நடுவில் வைக்காமல், அடியில் பீம் இருக்கும் சுவரை ஒட்டி வையுங்கள். 10 மில்லிமீட்டர் கண்ணாடி, தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே தெர்மோகோல் ஷீட், மேலே இறுக்கமான மூடி. விரட்டுப்படும் மீன் துள்ளி வெளியே விழும்.

தண்ணீர்: டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

எல்லோர் கையிலும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. அது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. 900 காட்டும் இரண்டு போர்வெல்லில் ஒன்று சுண்ணாம்புச் சத்து நிறைந்ததாக இருக்கலாம். கடலோரத்தில் இருக்கும் இன்னொன்றில் பெரும்பகுதி வெறும் சாப்பாட்டு உப்பாக இருக்கலாம். முதலாவது எம்பூனாவுக்கு அருமை, இரண்டாவது அப்படியில்லை. அதனால் பி.எச்., கே.எச். (பி.எச். இறங்காமல் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட் அளவு), ஜி.எச். (கால்சியம், மக்னீசியம் சேர்ந்த கடினத்தன்மை) மூன்றையும் காட்டும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். பி.எச். 7.8 முதல் 8.5, கே.எச். 6க்கு மேல் இருந்தால் தண்ணீரில் கை வைக்கவே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் இந்த மீனுக்குத் தேவையில்லை. தனியாகக் கொடுத்தால் கெடுதலும்கூட.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கதை தலைகீழ். அது மென்மையான தண்ணீர், கே.எச். போதாது. 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 6 கிராம் சமையல் சோடா, கே.எச். அளவைச் சுமார் 4 டிகிரி ஏற்றும். ஜி.எச். குறைவாக இருந்தால் எப்சம் சால்ட். இரண்டையும் வாளியில் கரைத்து, ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் ஒரே அளவில் சேருங்கள். அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதைவிட, கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நிலையாக இருப்பது மேல். ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் கழுவிய கிளிஞ்சல் போட்டு வைத்தாலும் மெல்லக் கரைந்து உதவும்.

வெளிநாட்டு வீடியோக்களில் ‘பவளத் துண்டு போடுங்கள்’ என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் பவளப்பாறை 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது, விற்றாலும் வாங்கக் கூடாது.

கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரினை மறந்துவிடாதீர்கள். ஆன்டி குளோரின் சொட்டு போதும்.

கல் முதலில், மணல் பிறகு

இந்த வரிசையை மாற்றக் கூடாது. எம்பூனா வாயில் மணலை அள்ளி அள்ளித் தள்ளியே ஒரு ராத்திரியில் குழி பறித்துவிடும். மணலின் மேல் அடுக்கிய கல் அப்போது சாய்ந்தால், கண்ணாடியோ மீனோ போய்விடும். அடிக் கண்ணாடி மேல் மெல்லிய ஃபோம் ஷீட் விரித்து, பெரிய கற்களை நேராக அதன் மேல் உட்கார வையுங்கள். கையால் அசைத்துப் பாருங்கள். ஆடாமல் நின்ற பிறகுதான் அடுத்த அடுக்கு. எல்லாம் முடிந்ததும் சுற்றிலும் ஒன்றரை அங்குலம் மணல்.

கருங்கல், உருண்டையான ஆற்றுக் கல், சுண்ணாம்புக் கல் எல்லாமே சரி. துருப்பிடித்த கோடு ஓடும் கல்லும் கூர்மையான விளிம்புள்ள கல்லும் வேண்டாம். மணல், சலித்துக் கழுவிய நைசான ஆற்று மணல். தொட்டியின் ஒரு கோடியிலிருந்து பார்த்தால் மறு கோடி தெரியாதபடி கல்லை உயர்த்தி அடுக்குவதுதான் சூட்சுமம். கண்ணில் படாத எதிரியை மீன் விரட்டாது. பொந்துகள் நிறைய வேண்டும், அதுவும் பல அளவில். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வழி இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டு அடிபடாது.

செடி வைக்க ஆசையா? கல்லில் கட்டிய அனுபியாஸ் தப்பிக்கலாம், மற்றதெல்லாம் சாலட். பாசி பிடித்தால் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும், கல்லின் மேல் படிந்த பச்சையை அவையே மேய்ந்துகொள்ளும்.

ஃபில்டரும், மீன் இல்லாத ஒரு மாதமும்

மீன் அதிகம், கழிவும் அதிகம். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் ஆறிலிருந்து பத்து மடங்கு தண்ணீர் சுற்ற வேண்டும். கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) அல்லது சம்ப் (கீழே தனித் தொட்டியாக வைக்கும் ஃபில்டர்) நல்லது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் பெரிய டாப் ஃபில்டர் ஒன்றும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டும். எதுவானாலும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.

அடுத்து, பொறுமை தேவைப்படும் கட்டம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டருக்குள் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். எல்லா மீனுக்கும் இது பொருந்தும், ஆனால் சிக்லிட் தொட்டியில் அவசரப்பட்டால் தண்டனை கடுமை. அம்மோனியாவின் நஞ்சு பி.எச். ஏற ஏறக் கூடும். 28 டிகிரியில், பி.எச். 7 தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. அதுவே பி.எச். 8.2 என்றால் பத்தில் ஒரு பங்கு. பி.எச். 7 தொட்டியில் தாங்கக்கூடிய அளவு இங்கே கொன்றுவிடும்.

ஆகவே மீன் இல்லாமலே சைக்கிள் செய்யுங்கள். 200 லிட்டருக்குச் சுமார் ஒன்றேகால் கிராம் சுத்தமான அம்மோனியம் குளோரைடு போட்டால் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா கிடைக்கும். ஃபில்டர் ஓடட்டும். அம்மோனியா இறங்கி, நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கும். அம்மோனியா தீரத் தீர அதே அளவு மீண்டும் போடுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். நோயில்லாத நண்பர் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காத்திருப்பு பாதியாகும்.

எந்த மீன், எத்தனை

முதல் தொட்டிக்கு என் சிபாரிசு: யெல்லோ லேப் 6, ரஸ்டி 6, அசெய் 6. மூன்றும் எம்பூனாவில் சாதுவானவை. மூன்றுக்கும் மூன்று நிறம், மூன்று உருவம். தன்னைப் போலவே இருக்கும் மீனைத்தான் ஆண் முதலில் குறிவைக்கும் என்பதால் இந்த வேறுபாடு பெரிய காப்பு. ஒரே வகை போதும் என்றால் சௌலோசி. வளர்ந்த ஆண் நீலத்தில் கருங்கோடு, பெண் முழு மஞ்சள். ஒரே இனத்தை வைத்தே இரண்டு நிறத் தொட்டி. ஏரியில் ஒரே ஒரு பாறைத்திட்டில் மட்டும் வாழும் இனம் இது. அங்கே இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. கடைக்கு வருபவை பண்ணையில் பிறந்தவை.

தொட்டியில் வேண்டாதவை ஆரட்டஸும் கென்யியும். ஆரட்டஸ் குஞ்சு மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டு அவ்வளவு அழகாக இருக்கும், வளர்ந்தால் தொட்டியைக் காலி செய்யும். கென்யி குஞ்சுகள் எல்லாமே நீலம். நீலத்துக்காக வாங்கினால், ஆண்கள் வளர்ந்து மஞ்சளாக மாறி, கூடவே ரவுடியாகவும் மாறும். டெமசோனி அழகுதான், ஆனால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். வைப்பதானால் 12க்குக் குறையாமல் வையுங்கள். யெல்லோ லேபையும் ரெட் ஜீப்ராவையும் சேர்த்து வைத்தால் கலந்துவிடும். கடையில் ‘யெல்லோ’ என்று விற்கும் பலவற்றில் இந்தக் கலப்பு உண்டு. முதுகுத் துடுப்பில் அழுத்தமான கருங்கோடும், உடம்பில் ஆரஞ்சு சாயலில்லாத சுத்த மஞ்சளும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னைக்காரர்கள் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குத்தான் போவீர்கள். முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள். ‘மிக்ஸ்டு ஆப்ரிக்கன்’ தொட்டியைத் தாண்டிப் போங்கள், அதில் எது எதனோடு கலந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒன்றரை, இரண்டு அங்குலக் குஞ்சுகளாக, ஒரே வகை தனியாக இருக்கும் தொட்டியிலிருந்து எடுங்கள். தீனி போடச் சொல்லிப் பாருங்கள். முட்டிமோதி வருபவற்றை வாங்குங்கள், வயிறு ஒட்டியதும் ஓரமாக நிற்பதும் வேண்டாம். அந்த வயதிலேயே முழு நிறத்தில் ஜொலிக்கும் மீன் ஹார்மோன் கொடுத்ததாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் சாயம் வெளுக்கும். குஞ்சில் ஆண் பெண் தெரியாது, ஆகவே வகைக்கு இரண்டு கூடுதலாக வாங்கி, வளர்ந்தபின் உபரி ஆண்களை மாற்றிக்கொடுங்கள்.

4 அடித் தொட்டியில் 18 மீனா என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான். ஐந்தாறு மட்டும் இருந்தால் வலுத்தது ஒன்று இளைத்த ஒன்றையே பிடித்துக்கொள்ளும். கூட்டம் இருந்தால் அடி பங்காகிவிடும். இந்தக் கணக்குக்கு ஃபில்டரும் தண்ணீர் மாற்றுவதும் ஈடுகொடுக்க வேண்டும். ஈடுகொடுக்காத இடத்தில் இதே கணக்கு மீனைக் கொல்லும்.

முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுங்கள். அப்போது எந்தக் கல்லுக்கும் யாரும் பட்டா போட்டிருக்க மாட்டார்கள். பிறகு ஒரு மீன் சேர்க்க நேர்ந்தால் முதலில் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அதன்பின் கற்களைக் கலைத்து அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே விடுங்கள்.

தீனி: குறைவாக, பச்சையாக

பாசி மேயும் மீனுக்குக் குடல் நீளம். கொழுப்பும் புரதமும் அதிகமான தீனி அதற்கு ஆகாது. கடைகளில் உயிரோடு விற்கும் ட்யூபிஃபெக்ஸ் புழு, ஃபிரோசன் பிளட் வேர்ம், மாட்டு ஹார்ட் மூன்றையும் எம்பூனாவுக்குக் காட்டவே வேண்டாம். ஸ்பைருலினா பாசி கலந்த சிறிய பெல்லட், நாளைக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒருநாள் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி அல்லது வெந்நீரில் முக்கி எடுத்த கீரை. இன்னொரு நாள் பட்டினி. கண்ணாடிக்கு வந்து முகத்தைப் பார்த்துப் பிச்சை கேட்கும், எப்போதும் கேட்கும். பசி என்று நம்பிவிடாதீர்கள்.

மலாவி ப்ளோட் என்ற நோய் பெரும்பாலும் தப்பான தீனியும் மன உளைச்சலும் சேர்ந்த இடத்தில் வருகிறது. முதல் அறிகுறி வயிறு வீங்குவதல்ல, அது கடைசிக் கட்டம். தீனிக்கு ஓடிவரும், வாயில் வாங்கும், ஒரு நொடி மென்று துப்பிவிடும். பிறகு வெள்ளை நூல் போன்ற கழிவு, மேல்மூச்சு, மூலையில் ஒதுங்கல். துப்புவதைப் பார்த்த அன்றே பாதித் தண்ணீரை மாற்றி, அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் வீதம் மெட்ரோனிடசோல் மருந்து கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி கொடுப்பதாக ஐந்து நாள் தொடருங்கள். வீங்கிச் செதில் நிமிர்ந்த பிறகு எதுவும் உதவுவதில்லை.

வாராந்தர வேலை, வெயில், கரண்ட் கட்

வாரம் ஒருமுறை 30 முதல் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரேட் 40 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது, 20க்குள் இருந்தால் நிறமே தனி. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

சென்னையிலும் மதுரையிலும் ஹீட்டர் பெரும்பாலும் அலமாரியில் தூங்கும். நமக்கு எதிரி ஏப்ரல், மே. தண்ணீர் 32 டிகிரியைத் தொடும்போது ஆக்ஸிஜன் குறையும், சண்டையும் கூடும். மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீர் மேல் படும்படி சிறிய ஃபேன் ஒன்று வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்புச் சத்து தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். இந்த வழிகாட்டியில் ஆர்.ஓ.வுக்கு வேலை இங்கே மட்டும்தான்.

இவ்வளவு மீன் உள்ள தொட்டி கரண்ட் இல்லாமல் வெகுநேரம் தாங்காது. பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே பாக்டீரியா செத்து அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் போய்விடும். திறந்து, தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

வாயில் குஞ்சு

எல்லாம் சரியாகப் போனால் ஒருநாள் ஆண் மீன் நிறம் தெறிக்க, உடம்பை உதறிக்கொண்டு ஒரு தட்டைக் கல்லைச் சுற்றும். பெண் வந்து சில முட்டை இடும், இட்ட வேகத்தில் திரும்பி வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் அடித்துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் உண்டு. அதையும் முட்டை என்று கொத்தப் போகும்போது ஆண் விந்தை வெளியிட, கரு வாய்க்குள்ளேயே உருவாகிறது. பிறகு சுமார் மூன்று வாரம் தாய் சாப்பிடாது. தாடை கீழே பை போல இறங்கியிருக்கும்.

நம் ஊர் ஜிலேபி கெண்டையும் இதே வித்தைக்காரிதான். அதுவும் ஆப்பிரிக்கச் சிக்லிட். 1952இல் இந்தியாவுக்கு வந்தது, இன்று ஜிலேபி இல்லாத ஏரியைத் தேட வேண்டும்.

குஞ்சு வேண்டும் என்றால் 18ஆம் நாள் வாக்கில், விளக்கு அணைத்த இரவில், தாயை மெதுவாகப் பிடித்து 30 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். அதில் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு சிறு மண் தொட்டித் துண்டும் போதும். தானாகவே துப்பட்டும், வாயைத் திறந்து எடுக்கும் வேலை புதியவர்களுக்கு வேண்டாம். துப்பிய குஞ்சு பிறந்ததிலிருந்தே நீந்தும், பொடித்த பெல்லட்டைத் தின்னும். தாயை உடனே திருப்பி விடாதீர்கள். இளைத்துப்போய் வரும் பெண்ணைத்தான் மற்றவை முதலில் அடிக்கும். நாலைந்து நாள் நன்றாகத் தின்னவைத்து, தேறியபின் விடுங்கள்.

சில மாதத்தில் குஞ்சுகள் குவிந்துவிடும். ஒரே இனத்துக்குப் பிறந்தது உறுதி என்றால் அந்தப் பெயரில் நண்பர்களுக்கோ கடைக்கோ கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் கலப்பு என்று சொல்லியே கொடுங்கள். யாரும் வாங்காவிட்டாலும் கண்மாயிலோ கிணற்றிலோ விடக் கூடாது. உபரியே வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி, தாயைப் பெரிய தொட்டியிலேயே விட்டுவிடுவது. துப்பும் குஞ்சுகளில் பொந்துக்குள் ஒளிந்து பிழைப்பவை ஒன்றிரண்டுதான் இருக்கும். கூட்டத்தை நிரப்ப அவை போதும்.